எந்திரக் கோளாறு

கோப்பில் நாற்பத்தாறாம் பக்கம்: பணி தொடக்கம்.
நாற்பத்தேழு:
எந்திரக் கோளாறால் பன்னிரண்டு நாள் பணி நிறுத்தம்.
கீழே பச்சை மையில்
புழு நெளிந்த மாதிரி ஒரு கையெழுத்து.

அந்தக் கோளாறு எங்கம்மாங்க.
பேரு ஓபுளக்காள்.
துப்புரவுப் பணி, தினக்கூலி.

கோயமுத்தூரில் எங்கள் லைனுக்கு நடுவே மேம்பாலம் வந்தது.
நாற்பத்தொரு வீடு போச்சு.
இடித்த சுவர் ஒன்றில்
யாரோ கரியில் எழுதிய சீட்டுக் கணக்கு மட்டும்
இரண்டு மாசம் நின்றது.
வரைபடத்தில் தூண்களுக்கு இடையே
பச்சைப் பென்சிலில் ஒரு சதுரம்.
பூங்கா என்று போட்டிருந்தது.

எங்கள் வீட்டுப் பேச்சில் அதற்குச் சொல் இல்லை.
நொய்யல் தண்ணியில் ஊறி ஊறி
ஆந்திராக்காரனுக்கும் புரியாமல் போன தெலுங்கு அது.
"தோட்ட" என்றோம்.
தோட்டம் என்றால் பண்ணாடி தோட்டம்,
குனிந்து வேலை செய்கிற இடம்.
உட்காருவதற்கு ஒரு தோட்டமா என்று
லைனே சிரித்தது.

ஆறு வருசம்.
பச்சைச் சதுரத்தில் செத்த நாய் கிடந்தது,
கட்டட மண் குமிந்தது,
ஆடிக்கு ஆடி பாலக்காட்டுக் கணவாய்க் காத்து
ஊர்ப் பாலித்தீனையெல்லாம் கொண்டுவந்து
தூணில் அப்பிவிட்டுப் போனது.

ஒரு சனிக்கிழமை ஜேசிபி வந்தது.
குப்பை லாரி நிறுத்த ஷெட்டாம்.
ஊர்க் குப்பையை அள்ளிப்போட்டு வருகிறவர்களின்
வாசலுக்கே ஊர்க் குப்பை.

அம்மா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்தாள்.
சத்தம் போடவில்லை.
தரையில் இறங்கியிருந்த பக்கெட்டில் ஏறி
சீமாற்றை மடியில் வைத்துக்கொண்டு
சம்மணம் போட்டாள்.
டிரைவர் தருமபுரிப் பையன்.
"அக்கா எறங்குங்க, டீசல் எரியுது."
"நிறுத்திப்போடு சாமி, எரியாது."
நிறுத்தினான்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள்,
போராட்டம் அவ்வளவுதான்.
மற்றதெல்லாம் சோறு பொங்கியதும்
ஆள் மாற்றியதும்.
ஒருத்தி இறங்கினால் ஒருத்தி ஏறினாள்.
கதிரம்மா அதில் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.
இரும்புப் பல்லில் சாய்ந்துதான்
ஒன்பதாம் வாய்ப்பாடு எனக்கு ஏறியது.
ஒருவரும் வேலைக்கு மட்டம் போடவில்லை,
ஊர் தினமும் சுத்தமாக விடிந்தது.
அதிகாரிகளுக்கு அதுதான் விளங்கவில்லை.

நாற்பத்தெட்டாம் பக்கம்:
மக்கள் நலன் கருதி மறுபரிசீலனை.
அதே பையன், அதே பக்கெட்,
பூவரசம் போத்து நடக் குழி எடுத்துக் கொடுத்தான்.
வாடகை பற்றிக் கோப்பில் தகவல் இல்லை.

இருபத்து மூன்றாம் தூணில் கங்கப்பனை வரைந்தார்கள்.
மலக்குழிக்குள் இறங்கி ஏறாதவர்.
இருந்த ஒரே போட்டோ
ஒப்பந்தக்காரர் கொடுத்த அட்டையில்.
சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட் பொய் தெரியாத ஆள்,
கன்னத்தில் ஊதா ரப்பர் முத்திரையின்
பாதி வளைவையும் சேர்த்தே வரைந்துவிட்டார்.
மாநகராட்சி மூன்று முறை வெள்ளையடித்தது,
ஒரு முறை மயில் வரைந்தது.
ஐப்பசி மழையில்
முதலில் வெளியே வருவது முத்திரைதான்.
அப்புறம் மெதுவாகக் கண்.

இப்போது அதே அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் நான்.
கேட்டுப் போடப் போகிறார்கள்,
நுழைவுக் கட்டணம் அஞ்சு ரூபாய்.
கல்வெட்டுக்கு வாசகம் கேட்டு
என் மேசைக்கே கோப்பு வந்திருக்கிறது:
பூங்காவின் வரலாறு, மூன்று வரிகளுக்கு மிகாமல்.

பொழுதோட வீட்டுக்குப் போய்
என்னம்மா எழுதட்டும் என்றேன்.
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள்
நிமிரவில்லை.

"காலு மரத்துப் போச்சுன்னு எழுது.
இரும்பு பாரு,
ராத்திரிக்குச் சில்லுனு இருக்குமாக்கும்."